கல்லீரல் என்னும் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸ்

போன மாதம் சித்தூரில் இருக்கும் பெரியம்மா பையன் வாட்ஸப்பில் ஒரு துணுக்கு அனுப்பியிருந்தான். புற்றுநோயைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் நானோ டை வந்துவிட்டது, ஸ்கேனில் இனி எதுவும் தப்பாது என்கிற ரகம். கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, இது திருப்பதிக்கு எப்ப வரும்?"

சித்தூர்க்காரர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. எங்கள் ஊரில் பெரிய வியாதி என்றால் போவதற்கு இரண்டே திசைதான். தெற்கே போனால் வேலூர் சி.எம்.சி., வடக்கே போனால் 1993ல் தொடங்கிய திருப்பதி ஸ்விம்ஸ். தமிழ் பேசுகிறவர்கள் வேலூருக்கும் தெலுங்கு பேசுகிறவர்கள் திருப்பதிக்கும் போவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அதெல்லாம் இல்லை. கையில் என்ன அட்டை இருக்கிறது, மஞ்சள் பையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைப் பொறுத்துதான் பஸ் ஏறும் பக்கம் முடிவாகும்.

நான் இங்கே கடல் கடந்து வந்து பிழைப்பு நடத்துவதே எம்.ஆர்.ஐ. படங்களோடுதான். அதனால் குடும்பத்தில் யாருக்கு ஸ்கேன் என்றாலும் என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடும். அவனுக்கு இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் அந்தத் துணுக்கில் இருந்த "முதன்முறையாக" என்ற வார்த்தை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நானோத் துகளை டையாக மனுஷன் ரத்தத்தில் ஏற்றியது கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்னால் என்றால் நம்புவீர்களா? அதற்கான மூலப்பொருள் நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடக்கிறது என்றால்? பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் தொடரலாம் :-)

முதலில் டை எதற்கு என்று பார்த்துவிடுவோம். 1895ல் ரோண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு பளிச்சென்று தெரிந்தது. ஈரல், மூளை, ரத்தக்குழாய் எல்லாம் ஒரே சாம்பல். எக்ஸ்ரேயை மறைக்க வேண்டுமென்றால் கனமான அணு வேண்டும். எலும்பில் கால்சியம் இருக்கிறது, சதையில் அப்படி எதுவும் இல்லை. ஆக, வெளியிலிருந்து கனமான எதையாவது உள்ளே அனுப்ப வேண்டும். வயிற்றுக்குப் பேரியம், ரத்தக்குழாய்க்கு அயோடின் என்று ஆரம்பித்த கதை இது.

நுரையீரலுக்கு மட்டும் இந்தத் தொல்லை குறைவு. உள்ளே இருக்கும் காற்றே இயற்கை கொடுத்த டை. கருப்புப் பின்னணியில் காசநோய்த் திட்டு வெள்ளையாகத் தெரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் எக்ஸ்ரேயின் பழைய கதை ஆரம்பிப்பதும் நுரையீரலில்தான். மதனப்பள்ளிக்கு வெளியே ஆரோக்கியவரத்தில் 1915 முதல் நடந்த காசநோய் சானடோரியம், டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமோட் மோலர் உருவாக்கியது. சென்னை ராஜதானி முழுக்க இருந்து நோயாளிகள் அங்கே போனார்கள். 1948ல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசிப் பணி தொடங்கியதும் அதே மதனப்பள்ளியில்தான். (2022ல் மாவட்டங்களைப் பிரித்தபோது மதனப்பள்ளி சித்தூர் மாவட்டத்தை விட்டுப் போய்விட்டது. எங்கள் தலைமுறைக்கு அது இன்னும் சித்தூர் மாவட்டம்தான்.) நுரையீரலைத் தாண்டிய வியாதி என்றால் ரயிலேறி மெட்ராஸ் போக வேண்டும். அங்கே ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1934ல் பர்னார்ட் கதிரியல் நிலையம் திறந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த 1930கள்தான் நம் கதையின் மையம்.

பெட்ரோமாக்ஸ் விளக்கு ஞாபகம் இருக்கிறதா? கல்யாணம், திருவிழா, தெருக்கூத்து எல்லாவற்றிலும் உஸ்ஸ் என்று எரிந்த அதே விளக்கு. "வைதேகி காத்திருந்தாள்" படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில் பிடித்து நசுக்குவாரே மேண்டில், அந்த மேண்டில் ஆக்சைடு சாம்பல். பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு, துளியூண்டு சீரியம். ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் செய்த கண்டுபிடிப்பு. ஐரோப்பா முழுக்கத் தெருவிளக்குகள் எரிய மேண்டில் வேண்டும், மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும்.

1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியல்காரர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டுபிடித்தார். கயிறு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வந்தவர் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை போட்டார். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரர் என்று கைதாகி, தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அது தனிப்பதிவு போடவேண்டிய கதை. அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்கு மோனசைட் அனுப்பிய பெரிய கரைகள் பிரேசிலும் திருவிதாங்கூரும்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் பரவியதும் மேண்டில் வியாபாரம் சரிந்தது. தோரியம் மிஞ்சியது. தோரியத்தின் அணு எண் 90. அயோடின் வெறும் 53. எக்ஸ்ரேயை மறைக்கத் தோதான கனமான அணு. ஜெர்மனியின் ஹெய்டன் கம்பெனி, தோரியம் ஆக்சைடைச் சில நானோமீட்டர் அளவுத் துகள்களாக்கி, டெக்ஸ்ட்ரின் மாவுப்பொருளில் மிதக்கவிட்டுக் குப்பியில் அடைத்து விற்றது. பெயர் தோரோட்ராஸ்ட். "நானோ" என்ற சொல் அப்போது புழக்கத்தில் இல்லை, "கூழ்மம்" என்றார்கள். பொருள் ஒன்றுதான்.

டாக்டர்கள் கொண்டாடினார்கள். காரணம் இருந்தது. அன்றைய அயோடின் உப்புகள் ரத்தக்குழாயில் நெருப்பாக எரியும், குமட்டும், சில சமயம் வலிப்பே வரும். தோரோட்ராஸ்ட் ஏறுவதே தெரியாது. படமோ கண்ணாடி போல. மூளை ரத்தக்குழாய்களை முதலில் படமெடுத்த போர்ச்சுகல் டாக்டர் ஏகாஸ் மோனிஸ் 1927ல் அயோடினில் ஆரம்பித்தவர், 1931 வாக்கில் தோரோட்ராஸ்டுக்கு மாறினார். (பிற்பாடு 1949ல் அவருக்கு நோபல் கிடைத்தது இதற்கு அல்ல, மூளையை வெட்டும் லுகாடமிக்கு. நோபல் கமிட்டியின் ராசி அப்படி.)

இன்னொரு வசதியும் இருந்தது. ரத்தத்தில் ஏற்றினால் துகள்கள் தாமாகவே ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்ச் சேர்ந்தன. யாரும் முகவரி எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் குறி தப்பவில்லை. ஈரலில் புற்றுக்கட்டி இருந்தால் அந்த இடம் மட்டும் துகளை வாங்காது, ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். குறிபார்த்துப் போகும் டை என்று இன்று சொல்வதன் முதல் வடிவம் இதுதான் என்பேன்.

போன துகள் திரும்பி வரவில்லை. ஊசி போட்டு இருபது முப்பது வருடம் கழித்து வேறு எதற்கோ வயிற்றுக்குச் சாதாரண எக்ஸ்ரே எடுத்தால், ஈரலும் மண்ணீரலும் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளையாகத் தெரியும். போட்டதில் பாதிக்கு மேல் ஈரலில், மீதியில் பெரும்பங்கு மண்ணீரலில், கொஞ்சம் எலும்பு மஜ்ஜையில். அங்கேயே உட்கார்ந்து ஆல்ஃபா கதிரை வீசிக்கொண்டிருந்தது. தோரியம்-232 பாதியாகக் குறைய 1400 கோடி வருடம். மனுஷ ஆயுள் அதன் முன் எம்மாத்திரம்?

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1932லேயே எச்சரித்திருந்தது. கதிரியக்கம் உள்ள பொருள், உடம்பிலேயே தங்குகிறது, வேண்டாம் என்று. ஆனாலும் 1950கள் வரை பல நாடுகளில் ஓடியது. இதைவிட நல்ல படம் வேறெதிலும் வராது, இப்போதைக்கு எந்தத் தீங்கும் தெரியவில்லை என்பதுதான் நியாயம். தீங்கு தெரிய இருபது வருடம் ஆகும் என்றால் "இப்போதைக்கு" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? 1947ல் தோரோட்ராஸ்ட் ஏற்றியவருக்கு ஈரல் ரத்தக்குழாய்ப் புற்று வந்த முதல் அறிக்கை வெளியானது. சாதாரணமாக அது மிக அபூர்வமான புற்று. பிறகு வரிசையாக வந்தன. ஜெர்மனியில் இந்த ஊசி போட்டுக்கொண்ட 2300க்கும் மேற்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானவர்களுக்கு ஈரல் புற்று. ஜப்பானில் பின்தொடரப்பட்டவர்களில் நிறைய பேர் போரில் காயம்பட்ட சிப்பாய்கள். குண்டு பட்டதில் பிழைத்தவர்கள் அவர்கள்.

இது ஏன் நடந்தது என்பதுதான் இந்தத் துறையின் முழு வரலாறும். ஈரலின் ரத்தக்குழாய்ச் சுவர்களில் குப்ஃபர் செல்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. ரத்தத்தில் வரும் கிருமி, குப்பை, அந்நியத் துகள் எதுவானாலும் பிடித்து விழுங்குவதுதான் அவற்றின் வேலை. நல்ல துகள், கெட்ட துகள் என்ற பேதம் அவற்றுக்குத் தெரியாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரே உதாரணம் போதும்: திருமலை வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸ். நீங்கள் கிளம்பியது சாமியைப் பார்க்க. மனசில் முகவரி தெளிவாக இருக்கிறது. ஆனால் மலையேறியதும் ஒரு ஹாலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பாலும் சாப்பாடும் வரும், கதவு மட்டும் திறக்காது. ஒரே வித்தியாசம், திருமலையில் எப்படியும் கடைசியில் விட்டுவிடுவார்கள். ஈரல் விடாது. (பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

அடுத்து வந்தவர்கள் புத்திசாலிகள். ஈரல் பிடித்துவைக்கும் என்றால் பிடிக்கட்டும், சீக்கிரம் அணைந்துபோகும் பொருளாகக் கொடுப்போம் என்றார்கள். 1960களில் டெக்னீசியம்-99எம் ஏற்றிய கந்தகக் கூழ்மம் வந்தது. ஆறு மணி நேரத்தில் கதிர்வீச்சு பாதியாகும். ஈரல் ஸ்கேன் என்றால் அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் வரும்வரை இதுதான்.

எம்.ஆர்.ஐ. வந்தபோது இரும்பு வந்தது. இரும்பு ஆக்சைடு நானோத் துகளை ஏற்றினால் ஆரோக்கியமான ஈரல் அதை விழுங்கிப் படத்தில் கருப்பாகும். கட்டி விழுங்காது, வெளுப்பாக நிற்கும். தோரோட்ராஸ்டின் அதே தந்திரம், கதிரியக்கம் இல்லாமல். இரும்பு என்பதால் உடம்பு கடைசியில் கரைத்துத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். 1996ல் அமெரிக்காவில் ஃபெரிடெக்ஸ் என்ற பெயரில் அனுமதி பெற்றது. 2008ல் விற்க ஆளில்லாமல் நிறுத்திவிட்டார்கள்.

அதன் தம்பிதான் காம்பிடெக்ஸ். சுமார் 30 நானோமீட்டர், ஈரலின் கண்ணில் சற்றுத் தாமதமாகப் படும்படி டெக்ஸ்ட்ரான் சர்க்கரைப் போர்வை. அந்தத் தாமதத்தில் அது நெறிகட்டிகளுக்குள் ஊறிவிடும். நல்ல நெறிகட்டி கருக்கும், புற்று ஏறிய பகுதி கருக்காது. 2003ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முகேஷ் ஹரிசிங்கானி குழுவின் கட்டுரை வந்தது. ப்ராஸ்டேட் புற்று உள்ள 80 பேர். அளவை வைத்துப் பார்த்தால் சாதாரணம் என்று தள்ளிவிடக்கூடிய சின்ன நெறிகட்டிகளில் இருந்த புற்றைக்கூடப் பிடித்திருந்தார்கள். எங்கள் துறையில் இருந்த எல்லோரும் இனி இதுதான் என்று நம்பினோம். 2005ல் அமெரிக்க ஆலோசனைக் குழு கைவிரித்தது, 2007ல் ஐரோப்பிய விண்ணப்பமும் வாபஸ். எல்லாவகைப் புற்றுக்கும் அது வேலை செய்யும் என்று கேட்டிருக்கக் கூடாது, ஒரே வியாதிக்கு மட்டும் கேட்டிருக்கலாம் என்பது என் கட்சி. நெதர்லாந்தின் நைமேகனில் மட்டும் விடாப்பிடியாக அதை மறுபடி தயாரித்து உபயோகித்தார்கள்.

இதற்கு நடுவில் ஆய்வுக்கூடங்களில் முகவரி ஒட்டும் திருவிழா. துகளின் மேல் ஆன்டிபாடி, பெப்டைட், ஃபோலிக் அமிலம் என்று எதையாவது ஒட்டினால் புற்றுச் செல்லைக் கண்டுபிடித்துவிடும் என்ற யோசனை. 2004ல் க்வாண்டம் புள்ளிகளால் எலியின் கட்டி ஒளிர்ந்த படம் உலகம் சுற்றியது. (உள்ளே காட்மியம். மனுஷனுக்குப் போட முடியாது.) எலியில் வேலை செய்த துகள்களைப் பட்டியல் போட்டால் பதிவு திருப்பதி தாண்டி ரேணிகுண்டா வரை நீளும்.

2016ல் டொரண்டோவின் வாரன் சான் குழு ஒரு காரியம் செய்தது. பத்து வருடக் கட்டுரைகளை உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஏற்றிய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? நடுமதிப்பு 0.7 சதவீதம். முகவரி ஒட்டியிருந்தாலும் சதவீதம் ஒன்றை ஒட்டியேதான் இருந்தது. ஆயிரம் பேர் பஸ் ஏறினால் ஏழு பேருக்குத்தான் தரிசனம். மீதியில் பெரும்பான்மை எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காரணமும் இப்போது ஓரளவு தெரியும். துகள் ரத்தத்தில் இறங்கிய கணமே ரத்தப் புரதங்கள் அதன்மேல் சட்டை போட்டுவிடுகின்றன. நாம் ஒட்டிய முகவரி சட்டைக்குள் மறைந்துபோகிறது. குப்ஃபர் செல் பார்ப்பது சட்டையை.

தப்பிக்க ஒரு வழி இருப்பதை 2007ல் பாஸ்டனில் காட்டினார்கள். துகள் சுமார் 5.5 நானோமீட்டருக்கும் கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். அந்த வழியில் வந்ததுதான் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிலிக்காப் புள்ளிகள். அங்கே உல்ரிக் வீஸ்னர், நியூயார்க் புற்றுநோய் மருத்துவமனையில் மிஷெல் பிராட்பரி. மெலனோமா நோயாளிகள் ஐந்து பேருக்கு ஏற்றி, துகள் சிறுநீரில் வெளியேறுவதை 2014ல் அறிவித்தார்கள். ஐந்தே பேர். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்தது கட்டியின் படம் அல்ல, சிறுநீரின் கணக்கு. தோரோட்ராஸ்ட் விற்றவர்கள் கேட்காத கேள்விக்கு முதல் பக்கத்திலேயே பதில் இருந்தது.

திருப்பதியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பெரியம்மா பையன் விடமாட்டான். நானோ திருப்பதிக்கு வந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் வந்தது வயலுக்கு. அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் வேர்க்கடலை விதையை நானோத் துத்தநாக ஆக்சைடில் நனைத்து விளைச்சலைப் பார்த்த கட்டுரை 2012ல் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் டி.பிரதீப்பும் அதில் ஒருவர். உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அப்புறம் நானோ ஜுரம் பிடித்துக்கொண்டது. இலைச்சாற்றில் வெள்ளி உப்பைப் போட்டால் துகள் தயார், படம் எடுத்தால் கட்டுரை தயார். சேஷாசலத்துச் செம்மரத்தின் இலையைக்கூட விட்டுவைக்கவில்லை. பிள்ளைகள் கையால் செய்து பழகட்டும், தப்பில்லை. ஆனால் கட்டுரையின் கடைசி வரியில் "புற்றுநோய்ப் படமெடுப்புக்கும் பயன்படும்" என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வரும். துகள் செய்வது ஒரு மதியத்து வேலை. அது எங்கே தங்கும், எப்போது வெளியேறும் என்று பார்க்க வருடங்கள் ஆகும்.

உண்மையில் நோயாளிக்குக் கைகொடுக்கும் நானோ டை ஒன்று இருக்கிறது, அது விளம்பரத்தில் வராத பழைய கந்தகக் கூழ்மம். மார்பகப் புற்று என்றால் ஒரு காலத்தில் அக்குளில் இருக்கும் நெறிகட்டிகளை மொத்தமாக வழித்து எடுத்துவிடுவார்கள். பலருக்குக் கை வீங்கிப் போகும், ஆயுசுக்கும். வேர்க்கடலை பறிக்கிற, பால் கறக்கிற, நாற்று நடுகிற கைக்கு அது என்ன தண்டனை என்று எங்கள் கிராமங்களில் பார்த்திருக்கிறேன். 1990களில் வழி மாறியது. கூழ்மத்தைக் கட்டிக்குப் பக்கத்திலேயே ஊசியில் போடுகிறார்கள், ரத்தத்தில் அல்ல. ஆகவே ஈரலின் கதவுக்கே போக வேண்டியதில்லை. துகள் நிணநீரோடு நகர்ந்து முதல் நெறிகட்டியில் மாட்டிக்கொள்ளும். அங்கேயும் பிடிப்பது அதே விழுங்கும் செல்களின் சொந்தக்காரர்கள்தான். அந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சோதித்துச் சுத்தமாக இருந்தால், மற்றவற்றைத் தொடவேண்டியதில்லை. 2013ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டில்மனோசெப்ட் இன்னும் ஒரு படி மேலே. சுமார் 7 நானோமீட்டர், அதன்மேல் ஒட்டியிருக்கும் முகவரியே அந்த விழுங்கும் செல்லின் முகவரி. விலைதான் நமக்குக் கட்டாது.

பழைய கூழ்மத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அணு மருத்துவப் பிரிவு இருக்கிற மருத்துவமனையில் ஈயப் பெட்டிக்குள் ஒரு ஜெனரேட்டர் இருக்கும். உலகம் முழுக்க அதற்குச் செல்லப்பெயர் "மாடு", டெக்னீசியம் எடுப்பதற்குப் பெயர் "கறப்பது". எங்கள் புங்கனூர்க் குட்டை மாட்டைவிடச் சிறியது. காலையில் கறந்து, கூழ்மத்தில் ஏற்றி, மார்பில் ஊசி போட்டு, மதியம் தியேட்டரில் சர்ஜன் ஒரு குச்சி போன்ற கருவியை அக்குளில் வைத்து நகர்த்துவார். கீச் கீச் என்று சத்தம் கூடும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு. மறுநாள் காலை அவர் ரவுண்ட்ஸ் வரும்போது, ஊசியில் போன கதிர்வீச்சில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும்.